அழுக்குக்கு வந்த விலை

ஓடவில்லை, கண்ணாடியில் விரிசல், சாவி கொடுக்கும் குமிழைக் காணோம், டயலில் கறை, உள்ளது உள்ளபடியே விற்கப்படும், திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது என்று விற்பவரே தம் சரக்கின் குற்றங்களையெல்லாம் வரிசையாக எழுதி, கீழே மங்கலான மூன்று நான்கு புகைப்படங்களையும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பழைய கைக்கடிகாரத்தை, டோக்கியோவில் ஒருவரும் டெக்ஸாஸில் ஒருவரும் திருச்சியில் ஒருவருமாக, ஒருவர் முகத்தை ஒருவர் ஒருநாளும் காணப்போகாதவர்கள், நள்ளிரவு வரை கண் விழித்திருந்து, கடைசி விநாடியில் விலையை ஏற்றிக் கேட்டு, போட்டி போட்டுக்கொண்டு ஏலத்தில் எடுக்கிறார்கள் என்று சொன்னால், கடிகாரம் என்பது மணி பார்ப்பதற்காக ஏற்பட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கும் சாதாரண மனிதருக்கு அது சித்தப்பிரமையாகவே தோன்றும். ஆனால் இந்த வியாபாரத்தில் பைத்தியக்காரர்கள் இருப்பது போலவே மகா சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். இரு சாராரும் ஒரே பொருளுக்கு ஏறக்குறைய ஒரே விலையைக் கேட்பதனால், யார் எவர் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

உடைந்த பொருளுக்கும் இணைய ஏலத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1995 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்ற இளைஞர் ‘ஆக்ஷன்வெப்’ என்ற பெயரில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ‘ஈபே’ என்று பெயர் மாற்றிய ஸ்தாபனத்தில் முதன்முதலாக விலைபோன பொருளே ஒரு பழுதடைந்த லேசர் சுட்டிதான். விலை 14 டாலர் 83 சென்ட். அது உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று ஒமிட்யார் விசாரித்தபோது, உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று வாங்கியவர் பதில் எழுதினார் என்பது அந்த ஸ்தாபனத்தார் பெருமையோடு சொல்லிவரும் கதை. இன்று அதே சந்தையில் ‘பாகங்களுக்காக, அல்லது ஓடாதவை’ என்று ஒரு தனி வகையே இருக்கிறது. அதில் கடிகாரங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. இந்தியாவில் பாஸி என்ற ஏலத் தளத்தை 2004 இல் விலைக்கு வாங்கி ஈபே தொடங்கிய கடை 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டபடியால், நம்மவர்கள் அயல்நாட்டுத் தளத்தில் கேட்டு, அஞ்சல் செலவும் சுங்க வரியும் கொடுத்துத் தருவித்துக்கொள்கிறார்கள். பம்பாயிலிருந்து லண்டனுக்கு விலைபோன கடிகாரம் லண்டனிலிருந்து மதுரைக்கு ஏலத்தில் திரும்பி வருவதும் உண்டு.

இத்தனை கடிகாரங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு விடை 1969 டிசம்பர் 25 ஆம் தேதியில் இருக்கிறது. அன்றைய தினம் டோக்கியோவில் செய்கோ கம்பெனியார் ‘அஸ்ட்ரான்’ என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சாவியும் வேண்டாம், சக்கரங்களின் நயமும் வேண்டாம், ஒரு சிறு படிகத்தின் அதிர்வும் ஒரு பாட்டரியும் போதும் என்று ஆகிவிட்ட பின்னர், 1970 வாக்கில் ஏறக்குறைய 90,000 பேருக்குச் சோறு போட்ட சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில், பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்கினரே மிஞ்சினார்கள். நம் நாட்டில் இந்த நாடகம் சற்றுத் தாமதித்து நடந்தது. 1961 இல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., இருபது ஆண்டுகளுக்கு மேல் தேசத்தின் மணிக்கட்டை ஆண்டது. 1984 இல் டாடாக்களும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடித் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கிய பின்னர் எச்.எம்.டி.யின் ஆட்சி ஆட்டம் கண்டு, 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அதன் கடிகாரப் பிரிவை மூடிவிடச் சம்மதம் அளித்ததோடு முடிந்தது. இப்படியாக உலகெங்கும் கோடிக்கணக்கான சாவிக் கடிகாரங்கள் கையிலிருந்து கழற்றப்பட்டு, மேஜை இழுப்பறையிலும் தகர டப்பாவிலும் பீரோவின் அடித்தட்டிலும் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கட்டியவர்கள் காலமாகி, பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும் காலம் இப்போது வந்திருக்கிறது. அந்த டப்பாக்கள்தாம் ஏலத்துக்கு வருகின்றன.

டப்பாவுக்குள் புதையல் இருக்கும் என்ற ஆசைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தின் பழம்பொருள் தர்மக்கடை ஒன்றில் 5 டாலர் 99 சென்ட் விலைச்சீட்டோடு கிடந்த லெகூல்த்ரே கம்பெனியின் ‘டீப் ஸீ அலாரம்’ என்ற ஆழ்கடல் கடிகாரத்தைக் கண்டெடுத்த ஒருவர், அதைச் சில தினங்களுக்குள் 35,000 டாலருக்கு விற்றார். இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்த நாளாக, இதைக் கண்டு ஆசைப்பட்டு ஏலத்தில் இறங்கியவர்களுக்கு உண்டான நஷ்டத்தின் கூட்டுத்தொகை அந்த 35,000 டாலரைப் பன்மடங்கு தாண்டியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் தர்மக்கடையில் அந்தக் கடிகாரத்தைக் கண்டவர் ஒருவரே. இணைய ஏலத்தில் ஒரு பொருளைக் காண்பவர் ஆயிரம் பேர். அவர்களில் அதன் தரம் அறிந்தவர் இருவர் இருந்தாலும் போதும், புதையல் சந்தை விலைக்கு வந்துவிடும். தரம் அறியாதவர் இருவர் இருந்தால், அதற்கு மேலும் போய்விடும்.

இங்கே ஏலத்தின் தந்திரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஈபேயில் ஒருவர் தாம் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையை ரகசியமாக எழுதி வைத்துவிட்டால், யந்திரமே அவருக்காக, அடுத்தவர் கேட்ட விலைக்கு ஒரு படி மேலே மாத்திரம் கேட்டுக்கொண்டு போகும். வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர் 1961 இல் ஆராய்ந்து எழுதிய இரண்டாம்-விலை ஏலத்துக்கு இது நெருங்கிய உறவு. இந்த முறையில் முதல் நாளே உச்சத் தொகையை எழுதிவிட்டுப் போய்த் தூங்குவதுதான் நியாயமாக இருக்க, அனுபவசாலிகளோ கடைசி நிமிஷம் வரை வாய் திறப்பதில்லை. ஆல்வின் ரோத், ஆக்ஸெல் ஒக்கென்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதன் காரணத்தை அழகாகத் துலக்கியது. குறித்த விநாடியில் முடிந்துவிடும் ஈபே ஏலங்களையும், யாராவது கடைசியில் கேட்டால் தானாகவே பத்து நிமிஷம் நீண்டுவிடும் அக்காலத்து அமேசான் ஏலங்களையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசி நேரக் கேள்வி ஈபேயிலேயே மிகுதி. அதிலும் கம்ப்யூட்டர்களைவிடப் பழம்பொருள்களுக்கே மிகுதி. கம்ப்யூட்டரின் மதிப்பு யாவரும் அறிந்தது. பழம்பொருளின் மதிப்போ விஷயம் தெரிந்தவர் மனத்துக்குள் இருப்பது. அவர் முன்கூட்டியே வாய் திறந்தால், அவர் கேட்டதே மற்றவர்களுக்கு அப்பொருளின் தராதரத்தைச் சொல்லிவிடும். ஆகையால் கடிகார ஏலத்தில் ஏழு நாள் மௌனத்துக்குப் பின் கடைசி ஐந்து விநாடிகளில் விலை மூன்று மடங்காவதைக் கண்டு யாரும் திகைக்க வேண்டியதில்லை.

அப்படி வென்றவருக்கும் ஒரு சாபம் காத்திருக்கிறது. மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஏலம் கேட்ட கம்பெனிகள் எதிர்பார்த்த லாபத்தை அடையாமற்போனது ஏன் என்று 1971 இல் எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் மூவர் கணக்கிட்டுப் பார்த்து, மதிப்பு நிச்சயமில்லாத ஒரு பொருளைப் பலர் உத்தேசமாக மதிப்பிடும்போது, எவர் மிகையாக மதிப்பிட்டாரோ அவரே வெல்கிறார் என்று காட்டினார்கள். பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதும், மூடிய கூட்டுக்குள் எவ்வளவு துரு இருக்கிறது என்பதும் ஒரே ஜாதி சந்தேகங்கள்தாம்.

ஆனால் துருவே பெரிய ஆபத்தன்று. பழைய கடிகாரத்தில் கை வைப்பவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம், கடிகாரத்துக்குள் ஓடும் யந்திரம் கெட்டால் சீர்ப்படுத்தலாம், டயல் கெட்டால் சீர்ப்படுத்த முடியாது என்பதுதான். ரிப்பேர்காரர்கள் ‘மெஷின்’ என்று சொல்லும் உள்பாகம் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. அதன் சக்கரம் ஒன்று போனால், அதே மெஷின் உள்ள வேறொரு செத்த கடிகாரத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உருப்படாத கடிகாரங்களைக் கிலோக் கணக்கில் ஏலம் விடுவதற்கும், அவற்றை வாங்க ஆள் இருப்பதற்கும் இதுதான் காரணம். டயலோ அப்படியன்று. பித்தளைத் தகட்டின்மேல் வெள்ளிப் பூச்சோ வர்ணமோ ஏற்றி, எழுத்துகளை மெத்தென்ற அச்சால் ஒற்றி, மேலே மெல்லிய வார்னிஷ் பூசி முடிக்கப்பட்ட அந்த ஒரு அங்குலத் தகடுதான் கடிகாரத்தின் முகம். ஐம்பது அறுபது ஆண்டுகளில் அதன்மேல் ஏறிய மஞ்சளும் புள்ளியும் அந்த ஒரு கடிகாரத்துக்கே உரியவை. அதைத் துடைத்துப் புதிதாக வர்ணம் பூசிவிட்டால், கடிகாரம் பளபளக்கும். சேகரிப்பவர் கொடுக்கும் விலையோ அந்த நிமிஷமே சரிந்துவிடும். இந்தச் சந்தையில் அழுக்குப் படிந்த டயல் சுத்தமான டயலைவிட அதிக விலை பெறுவது இதனால்தான்.

மும்பை சோர் பஜாரையும் மட்டன் தெருவையும் சுற்றி இதற்கு நேர்மாறான ஒரு கைத்தொழில் வெகு காலமாக நடந்து வருகிறது. ஃபாவ்ர்-லூபா, வெஸ்ட் எண்டு, ரோமர், கேமி, ஹென்றி சான்டோஸ் முதலிய சுவிஸ் பெயர்கள் ஒரு காலத்தில் இந்தியாவில் ஏராளமாக விற்றவை. ஃபாவ்ர்-லூபா குடும்பத்தார் 1865 லேயே இங்கே வியாபாரம் செய்ய வந்துவிட்டார்கள். அந்தக் கடிகாரங்களின் மிச்சத்தைச் சேகரித்து, டயலைச் சுரண்டி, ஆரஞ்சும் நீலமும் கிளிப்பச்சையுமாகப் புது வர்ணம் பூசி, கூட்டைச் சாணை பிடித்து, கைக்குக் கிடைத்த முள்களை மாட்டி, ‘மிக அபூர்வம்’ என்ற விளம்பரத்தோடு இணைய ஏலத்தில் விடுகிறார்கள். உலகத்துச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சுவிஸ் கம்பெனி கனவிலும் செய்திராத சிவப்புச் சிலுவை போட்ட ‘டாக்டர் வாட்சு’களும், ராணுவச் சின்னம் பொறித்த ‘பட்டாளக் கடிகாரங்களும்’ இந்தப் பட்டறைகளில் உற்பத்தியாகின்றன.

இவற்றைக் கண்டுபிடிப்பது கடினமன்று. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பொறுமை வேண்டும். ஆறு மணிக்கு மேலே விநாடி முள்ளுக்கென்று உள்ள சிறு வட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். அசல் டயலில் அந்த வட்டத்துக்குள் கிராமபோன் தட்டில் உள்ளவை போன்ற நுண்ணிய வளையக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வெட்டப்பட்டிருக்கும். மறுபூச்சில் வர்ணம் அந்தக் கோடுகளுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டு, அந்த இடம் மழுமழுவென்று ஆகிவிடும். வட்டத்தின் மையமும் முள் நிற்கும் அச்சும் ஒன்றாக இராமல் ஒரு மயிரிழை விலகியிருக்கும். கம்பெனிப் பெயரின் எழுத்தோரங்களில் மை கசிந்து பிசிர் தட்டியிருக்கும். நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேரே வராமல் தப்பி விழும். டயலின் அடியோரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்க வேண்டிய ‘ஸ்விஸ் மேட்’ என்ற வார்த்தைகள் இல்லாமலே போயிருக்கும், அல்லது தலைப்புச் செய்தி போலப் பெரிதாக இருக்கும். டயலை மெஷினோடு பிணைக்கும் இரண்டு சிறு செப்புக் கால்களை வெட்டிவிட்டுக் கோந்தால் ஒட்டியிருப்பதும் சகஜம்; அது திறந்தால்தான் தெரியும், ஏலத்தில் எடுத்தபின்.

இதைச் சொன்ன கையோடு, அந்தப் பட்டறைக்காரர்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசாவிட்டால் அது நியாயமாகாது. கல்யாணத்தின்போது மாமனார் போட்ட கடிகாரத்தில் இரண்டு மழைக்காலத்துக்குள் புள்ளி விழுந்துவிட்டால், அதைப் புதிது போல ஆக்கித் தரும்படி கேட்டவர் கடிகாரத்தின் சொந்தக்காரர்தான். ஆக்கித் தந்தவர் கைத்திறன் உள்ள தொழிலாளி. அதில் வஞ்சகம் என்ன இருக்கிறது? சுவிட்சர்லாந்தின் பெரிய கம்பெனிகளே, ரிப்பேருக்கு வந்த கடிகாரத்தின் பழைய டயலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது டயல் போட்டுத் தருவதை உபசாரமாகக் கருதிய காலம் உண்டு. கட்டுகிறவன் தர்மம் வேறு, சேகரிக்கிறவன் தர்மம் வேறு. பின்னது முன்னதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் பிறந்தது. மறுபூச்சு என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் அது மோசடியாகிறது. சொல்லாமல் விற்பதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று கேட்டால், விற்பவர் தம்மை ‘கடிகார விஷயம் ஒன்றும் அறியாதவன்’ என்று எவ்வளவு சாமர்த்தியமாக வர்ணித்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

டயலில் திருப்தி ஏற்பட்டபின் கூட்டைப் பார்க்க வேண்டும். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று எழுதியிருந்தால் பலர் கடிகாரம் முழுவதும் எஃகு என்று எண்ணி மகிழ்கிறார்கள். உண்மையில் அந்த வாசகம், மூடி மாத்திரமே எஃகு, மற்றது மட்ட உலோகத்தின்மேல் குரோமியம் பூசியது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். அப்படிப்பட்ட கூட்டில் வியர்வை பட்ட இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருக்கும். அதற்கு வைத்தியம் இல்லை. வார் மாட்டும் காதுகளின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, அல்லது சாணைச் சக்கரத்தில் பலமுறை பிடித்து, சோப்புக் கட்டி போல் வழுவழுவென்று தேய்ந்திருக்கின்றனவா என்பதும், மூடியில் பொறித்த எண்கள் ஆழமாக இருக்கின்றனவா என்பதும் விலையை நிர்ணயிக்கும். மூடியைத் திறந்து மெஷினைக் காட்டும் புகைப்படம் இல்லாத கடிகாரத்துக்கு ஏலம் கேட்கக் கூடாது என்பதே என் கட்சி. அந்தப் படத்தில் குமிழ் நுழையும் துவாரத்தின் அருகே செங்காவி நிறம் தெரிந்தால், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

‘சாவி கொடுத்தால் ஓடுகிறது’ என்ற வாசகத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். சாதாரணமான பழைய மெஷின் மணிக்கு 18,000 முறை அடிப்பது. ஒரு நாளில் 4,32,000 முறை. இப்படி முன்னும் பின்னும் ஆடி அடியை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை மயிரிழைக் கனம். அது மாணிக்கக் கல்லின் குழியில் ஒரு துளி எண்ணெயில் சுழல வேண்டும். பழைய காலத்து எண்ணெய்கள் மாட்டுக் கால் கொழுப்பிலிருந்தும், கடற்பன்றியின் தாடையிலிருந்தும் எடுத்தவை. இழுப்பறையில் முப்பது ஆண்டு கிடந்தபின் அவை பிசினாக இறுகிவிடும். அந்த நிலையில் கடிகாரத்தை உலுக்கினால் அது ஓடத்தான் செய்யும். ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் அச்சைத் தின்றுகொண்டே ஓடும். நன்றாக இருக்கும் கடிகாரத்தில் பேலன்ஸ் சக்கரம் 270 டிகிரிக்குக் குறையாமல் வீசி ஆட வேண்டும். 200 டிகிரிக்குக் கீழே போனால் அது நோயாளி. ஓடுவதைக் காட்ட விற்பவர் எடுத்து அனுப்பும் பத்து விநாடி வீடியோவில் இது ஒன்றும் புலப்படாது. நேர்மையாக நின்றுபோன கடிகாரம், இப்படி வற்புறுத்தி ஓட வைக்கப்பட்ட கடிகாரத்தைவிட எவ்வளவோ மேல்.

ஒரு பழைய ‘சோவார்’ ரிப்பேர் மேஜைக்கு வந்து சேர்ந்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெஸ்ட் எண்டு கம்பெனியார் பம்பாய், கல்கத்தா என்ற இரண்டு நகரங்களின் பெயரையும் டயலிலேயே அச்சிட்டு விற்ற கடிகாரம் இது. குதிரைப்படை வீரனின் பெயர் கொண்டது. ரிப்பேர்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, மூடியைத் திருகித் திறந்து, மெஷினைப் பார்ப்பதற்கு முன் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். அங்கே ஊசியால் கீறிய சிறு எண்களும் எழுத்துகளும் இருக்கின்றன: இதற்கு முன் இதைத் திறந்து சுத்தம் செய்த ரிப்பேர்காரர்கள், தங்கள் கணக்குக்காகப் போட்டுவைத்த தேதிகளும் அடையாளங்களும் அவை. நாலைந்து கீறல்கள் ஒழுங்கான இடைவெளியில் இருந்தால், யாரோ இதைப் பேணி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். பிறகு இடுக்கி முனையால் பேலன்ஸ் சக்கரத்தை இலேசாக அசைக்கிறார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடினால் அச்சு முனை முறிந்திருக்கிறது. அதிர்ச்சி தாங்கும் இன்காபிளாக் போன்ற அமைப்புகள் பரவலாவதற்கு முந்தைய கடிகாரங்கள் ஒரு முறை கல் தரையில் விழுந்தால் போதும், இந்த முனை போய்விடும். புது அச்சு கடைந்து போடத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள்; தெரிந்தவர் கேட்கும் கூலி, கடிகாரத்துக்குக் கொடுத்த ஏலத்தொகையைத் தாண்டுவதும் உண்டு. அஞ்சல், சுங்கம், சர்வீஸ், கண்ணாடி, வார் என்று கூட்டிக்கொண்டே போனால், ஏலத்தொகை என்பது முதல் தவணை மாத்திரமே என்பது விளங்கும்.

முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய பச்சைப் பூச்சு இருந்தால், அது ரேடியமாக இருக்கலாம். நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரத்துத் தொழிற்சாலையில் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கி ரேடியம் பூசிய பெண்கள் தாடை அழுகி மாண்ட கதை 1920களில் அமெரிக்காவை உலுக்கியது. அந்தப் பூச்சு இப்போது இருட்டில் ஒளிர்வதில்லையே என்று அலட்சியம் செய்யலாகாது. ஒளி தரும் துத்தநாகக் கலவைதான் மடிந்துபோயிற்றே தவிர, ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் வேண்டும். அதைச் சுரண்டுவதும், சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறப்பதும் கூடாது. ஆனால் அதே ரேடியம் ஒரு நல்ல சாட்சியுமாகும்: பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றுபோன முள், தனக்குக் கீழே டயலில் தன் வடிவத்தையே பழுப்பு நிழலாகச் சுட்டு வைத்துவிடுகிறது. அந்தத் தழும்பு இருக்கும் டயல் மறுபூச்சுப் பெற்றதன்று. 1950 ஆம் ஆண்டுக் கடிகாரம் என்று சொல்லிக்கொண்டு இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால், அங்கேதான் சந்தேகம் வர வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின், அழுக்கை நம்பு, பளபளப்பை நம்பாதே என்று ஒரே வரியில் சூத்திரம் எழுதிவிடலாம் போலத் தோன்றும். எழுத முடியாமற் செய்துவிட்டது ஜெனீவாவில் நடந்த ஒரு சம்பவம். 2021 நவம்பரில் பிலிப்ஸ் ஏல நிறுவனத்தார், ஓமேகா ஸ்பீட்மாஸ்டரின் முதல் வகையான 1957 ஆம் ஆண்டின் 2915-1 கடிகாரம் ஒன்றை ஏலம் விட்டார்கள். கறுப்பு டயல் காலத்தால் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. சேகரிப்பாளர்கள் உயிரை விடும் நிறம் அது. 80,000 முதல் 1,20,000 ஃபிராங்கு வரை போகும் என்று மதிப்பிட்டிருந்த அந்தக் கடிகாரம் 31,15,500 ஃபிராங்குக்குப் போயிற்று. எடுத்தவர்கள் ஓமேகாவின் சொந்தப் பொருட்காட்சிசாலைக்காரர்கள். 2023 ஜூனில் அதே ஓமேகா, அது பல கடிகாரங்களின் அசல் பாகங்களைச் சேர்த்துக் கோத்த கதம்பம் என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கே அதில் பங்கு உண்டென்றும் அறிவித்தது. தன் பிள்ளையைத் தானே அடையாளம் காணாமல் 31 லட்சம் கொடுத்து வாங்கிய தகப்பனைப் போல் அந்தக் கம்பெனி நின்றது.

அழுக்குக்கு விலை வந்துவிட்டால், அழுக்கையும் செய்து கொடுக்க ஆள் வந்துவிடுவார்கள் என்பதில் வியப்பில்லை. டயலைச் சூட்டில் வாட்டிப் பழுப்பேற்றுவதும், புதிய ஒளிப்பூச்சில் பழைய மஞ்சளைக் கலந்து தடவுவதும் இப்போது நடைபெறும் வித்தைகள். என் கணிப்பில், இந்தச் சந்தையின் அடித்தட்டில் புதுமையைப் போலி செய்கிறார்கள், மேல்தட்டில் முதுமையைப் போலி செய்கிறார்கள்; ஈபேயில் 2020 முதல் விலையுயர்ந்த கடிகாரங்களை நிபுணர்கள் சோதித்து அனுப்பும் ஏற்பாடு இருந்தாலும், மலிவுச் சரக்குக்கு அந்தக் காவல் கிடையாது. ஆகவே, போலி முதுமை பூசும் செலவுக்குக் கட்டாத அளவு மலிவாகவும், மறுபூச்சுக்காரர் கைக்கு எட்டாத அளவு அழுக்காகவும் உள்ள நடுத்தரத்தில்தான் சாமானிய ரஸிகர் தேட வேண்டியிருக்கிறது. அந்த நடுத்தரத்திலும் கண்ணிகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மதராஸில் தோன்றி மவுண்ட் ரோட்டில் நிலைத்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையார் பெயர் பொறித்த கடிகாரம் ஏலத்துக்கு வந்தால், தமிழ்நாட்டுக்காரர் நெஞ்சம் சற்று இளகத்தான் செய்யும். விற்ற கடையின் பெயரை டயலில் போட்டுக் கொடுப்பது அயல்நாட்டுக் கம்பெனிகளின் வழக்கம். ஆனால் தூரிகை பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பெயர் எழுத எவ்வளவு நேரமாகும்? அங்கேயும் எழுத்தோரப் பிசிரையும், உள்ளே இருக்கும் மெஷின் யாருடையது என்பதையும்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக இந்த மோகத்தில் விழுகிறவர்கள் சுவிஸ் பெயர்களை ஒதுக்கி வைத்துவிட்டு எச்.எம்.டி. ஜனதாவில் தொடங்குவது உசிதம். சாவிக் கடிகாரம், 17 கல், அலங்காரமில்லாத டயல். சிற்றூர் ரிப்பேர்காரர்கள் தொழில் பழகியதே இதில்தான். பாகங்களும் பழைய இரும்புக் கடை வரை கிடைக்கின்றன. கம்பெனி மூடப்போகிறது என்ற செய்தி வந்த 2014 முதலே விலை ஏறிவிட்டது என்றாலும், ஒன்றைப் பிரித்துக் கெடுத்துவிட்டால் இன்னொன்று வாங்கும் அளவில்தான் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் வர்ணத்தில் வரும் ஜனதாக்களை விட்டுவிட்டு, யாரோ ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரோ ரயில்வே குமாஸ்தாவோ இருபத்தைந்து வருஷம் கட்டிக் கழித்தது போன்ற மங்கிய வெள்ளை டயலாகப் பார்த்து எடுக்கலாம். எடுத்ததை ரிப்பேர்காரரிடம் கொடுக்கும்போது, மெஷினை எப்படி வேண்டுமானாலும் கழுவுங்கள், டயலை மாத்திரம் தொட வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வர வேண்டும். தன் கைக்கு வந்த கடிகாரத்தை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பது அவருடைய தொழில் மரியாதைக்கு ஒவ்வாத காரியம்.